எழுதாமல் விட்ட பாதாம் பால்

அக்கா,

நேற்று அலமாரியைத் துடைக்கும்போது பழைய நோட்டிலிருந்து ஓர் அட்டை கீழே விழுந்தது. தாம்பரம் ஸ்டேஷனில் கலர் விளக்கு சுற்றும் எடை மெஷினில் காசு போட்டால் வருமே, அந்தக் கெட்டி அட்டை. முன்பக்கம் 94 கிலோ. பின்பக்கம், "எடுத்த காரியம் விரைவில் கைகூடும்." முகர்ந்து பார்த்தேன். ஏலக்காய் வாசனை இன்னும் இருப்பது போலத்தான் தோன்றியது.

ஏழு மாதமாக ஒவ்வொரு வாரமும் அந்த மெஷினில் ஏறினீர்கள். ஒவ்வொரு வாரமும் அதே 94. "பாருடி, எடை மாறல, பலன் மட்டும் மாறிக்கிட்டே இருக்கு" என்று சிரிப்பீர்கள். பிறகு பிளாட்பாரத்தில் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பீர்கள்.

நீங்கள் எங்கள் பக்கத்து போர்ஷனுக்குக் குடிவந்தபோது எடை குறைக்கும் ஆபரேஷன் முடிந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. வெளிநாட்டில் இருந்த உங்கள் அண்ணன் அங்கேயே அழைத்துப்போய்ச் செய்யவைத்தது. இரைப்பையில் ஸ்டேபிள் அடித்துச் சின்னப் பையாக்கி, அதன் வாயில் ஒரு வளையம் போட்டிருக்கிறார்கள் என்றீர்கள். அப்போது நூற்று முப்பது கிலோ. இறங்கி இறங்கி வந்து 94-இல் நின்றுவிட்டது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உங்களோடு வேலை செய்பவர்கள், "இன்னா மேடம், ஆபரேஷன் பண்ணியும் இப்டியே கீறீங்க?" என்று கேட்பார்களாம். அதை அவர்கள் மாதிரியே பேசிக் காட்டுவீர்கள். நான் சிரிப்பேன். நீங்கள் சிரிக்க மாட்டீர்கள்.

நான் ஒன்பதாவதோடு நின்றவள். அம்மா எக்ஸ்போர்ட் கம்பெனிக்குத் தைக்கப் போனதால், தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. வகுப்பில் எழுந்து பதில் சொல்வதை நினைத்தாலே எனக்கு வியர்க்கும் என்பதால், நின்றதில் நிம்மதிதான். நான் தயங்காமல் பேசியது உங்களிடம் மட்டும்.

நாலு மணிக்கு ஷிஃப்ட் முடிந்து வருவீர்கள். ஏலக்காய் தட்டிப்போட்டு ஒரு தம்ளர் பாதாம் பால் ஆற்றிக் கொடுப்பேன், சர்க்கரை மூன்று ஸ்பூன். இரண்டு இட்லி இறங்குவதற்குள் உங்களுக்கு நெஞ்சை அடைத்துக் கண்ணீர் வருவதை நான் பார்த்திருக்கிறேன். பால் மட்டும் வலிக்காமல் இறங்கும். படுக்கும் முன் இன்னொரு தம்ளர். எனக்குத் தெரிந்த அன்பு அவ்வளவுதான்.

எடை நின்றதற்காகப் பட்டணத்தில் ஒரு டாக்டரைப் பார்த்தீர்கள். இரண்டு வாரம் சாப்பிடுவதையெல்லாம் எழுதிக் கொண்டுவரச் சொன்னார். "உன் கையெழுத்துதான் அழகு, நீயே எழுது" என்று நோட்டைக் கொடுத்தீர்கள். காலை இட்லி இரண்டு, மதியம் ரசம் சாதம் ஒரு கரண்டி. எல்லாம் எழுதினேன். பாலை எழுதவில்லை. எங்கள் வீட்டில் சஷ்டி விரதத்தன்று அம்மா எத்தனை தம்ளர் பால் குடித்தாலும், அன்று சாப்பிடவில்லை என்றுதான் கணக்கு. எனக்கும் அதே கணக்கு.

மின்சார ரயிலில் உங்களோடு துணைக்கு வந்தேன். டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்தார். ஸ்டேபிள் எதுவும் பிரியவில்லை, பை அப்படியேதான் இருக்கிறது என்றார். பிறகு என் நோட்டைப் புரட்டினார்.

"இவ்வளவு கம்மியா சாப்பிட்டும் இறங்கலைன்னா, பைபாஸா மாத்தலாம். சின்னப் பையை நேரா குடலோட சேர்த்துடுவோம். ஆனா ஒண்ணும்மா, ரெண்டாவது தடவை கத்தி வைக்கிறது முதல் தடவை மாதிரி இல்ல. ரிஸ்க் ஜாஸ்தி."

"பண்ணிடுங்க சார்" என்றீர்கள், யோசிக்காமல்.

நான் பாலை விட்டுவிட்டு எழுதிய நோட்டை நம்பி உங்கள் வயிற்றைத் திறக்கப் போகிறார்கள்.

"சார்... பால் எழுதல."

"என்ன பால்?"

"பாதாம் பால் சார். சக்கரை போட்டு. டெய்லி ரெண்டு தம்ளர்."

"ஏன்மா எழுதல?"

"அது... குடிக்கிறதுதானே சார்."

அவர் திட்டவில்லை. "இட்லி அந்த வளையத்துகிட்ட நிக்கும். பால் நிக்காம போயிடும், வயிறு நிறைஞ்ச மாதிரியே தெரியாது" என்று எனக்குச் சொன்னார். உங்களிடம், "எல்லாம் பாலாலன்னு சொல்ல மாட்டேன். எடை குறைஞ்சா உடம்பும் செலவைச் சுருக்கிக்கும். இது உங்க தப்பு இல்ல. முதல்ல சாப்பாட்டை மாத்திப் பார்ப்போம், கொஞ்சம் நடங்க. ஆறு மாசம் கழிச்சு முடிவு பண்ணலாம்" என்றார்.

திரும்பும் ரயில் பல்லாவரம் வந்தது. நீங்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டீர்கள்:

"நான் அந்தப் பாலை மறந்துட்டேன்னு நெனச்சியாடி?"

திரும்பி உங்களைப் பார்த்தேன்.

"சொன்னா நிறுத்தச் சொல்லிடுவாரு. நாளெல்லாம் அழாம இறங்குறது அது ஒண்ணுதான். அதுக்கு இன்னொரு தடவை வெட்டிக்கிட்டாப் போவுதுன்னு இருந்தேன்."

நான் அழுதேன். "லூசு, நீ ஏன்டி அழுற?" என்று முந்தானையால் என் முகத்தைத் துடைத்தீர்கள்.

மறுநாள் நாலு மணிக்குச் சர்க்கரை இல்லாத மோர் கொடுத்தேன். "பேஜார் புடிச்ச மோர்" என்று குடித்தீர்கள். காலையில் செம்பாக்கம் ஏரிக்கரையில் நடந்தோம். ஐந்தாவது மாதம் அட்டையில் 91 வந்தது. அதைவிட, ஸ்டேஷன் மேம்பாலத்தை நடுவில் நிற்காமல் ஏறி, மேலே நின்று எனக்குக் கையாட்டினீர்களே, அதுதான் எனக்குப் பெரிது; அன்று நீங்கள் எடையே பார்க்கவில்லை.

ஆறாவது மாதம் டாக்டரிடம் போகவில்லை. அதற்குள் மழைக்காலத்தில் மஞ்சள் காமாலை வந்துவிட்டது. எத்தனையோ மாதம் நாம் காத்திருந்த எடை மூன்றே வாரத்தில் இறங்கியது. நீங்கள் அவ்வளவு ஆசைப்பட்ட மெலிந்த கையைப் பிடித்துக்கொண்டு, ஏறிவிடாதா என்று வேண்டிக்கொண்டிருந்தேன். நாலாவது வாரம் நீங்கள் இல்லை.

போன வாரம் அம்மாவுக்குத் தலைசுற்றல். சர்க்கரை ஏறியிருக்கிறது என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டதற்கு, "ஒண்ணும் பெருசா இல்ல சார், வாய்க்கே புடிக்கல" என்றாள் அம்மா. வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் எங்களைத்தான் பார்த்தார்கள்.

"சார், கம்பெனியில அஞ்சு டீ குடிக்கிறாங்க" என்றேன்.

அம்மா முறைத்தாள். குரல் நடுங்கியதுதான் அக்கா. ஆனாலும் நிறுத்தாமல், அதில் போடும் சர்க்கரையையும் சேர்த்துச் சொல்லி முடித்தேன்.