வாசலுக்கு ஒரு நீலக் கோடு

அப்பா,

உங்கள் சாம்பல்நிற ஜாக்கெற்றை யாருக்காவது கொடுக்கலாமென்று இன்று காலை எடுத்தேன். உள்பையில் நான்காய் மடித்த ஒரு காகிதம். நகரத்துக்குள், டார்லிங் ஹார்பரில் உள்ள சீனத் தோட்டத்தின் வரைபடம். போன வருடம் நுழைவுச்சீட்டோடு தந்தது. இரண்டு வாசல்களுக்கும் நீலப் பேனையால் வட்டம் போட்டிருந்தீர்கள். அதற்குப் பிறகு எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. ஜாக்கெற்றையே போட்டுக்கொண்டு பிளாக்டவுனில் ரயில் ஏறிவிட்டேன்.

அன்றைக்கு உங்களை அங்கே கூட்டிப்போனது கொஞ்சம் ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான். குளத்து மீன்களைப் பார்த்து, "இவ்வளவு பெரிய மீனைச் சும்மா பார்க்கவோ வளர்க்கினம்?" என்று கேட்டீர்கள். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பெண் ஒன்றும் விளங்காமலே உங்களோடு சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பு ஐந்து நிமிடம்தான். தேநீர்ச்சாலையில் போய் இருந்ததும் எழும்பிவிட்டீர்கள்.

"நீ இரு பிள்ளை. வெளியால போற வழியைப் பார்த்திட்டு வாறன்."

எங்கே போனாலும் அப்படித்தான். டாக்டரிடம் போனாலும், என் பட்டமளிப்பிலும், கதிரையில் இருக்க முன்னர் வாசலைத் தேடுவீர்கள். அந்தத் தோட்டமோ எதையும் நேராகக் காட்டாது. பாலம் வளைந்து வளைந்து போகும். சுவர் மறைக்கும். வட்டக் கதவைத் தாண்டினால் இன்னொரு முற்றம் வரும். மூன்று தரம் போய் மூன்று தரம் வந்தீர்கள். என் தேநீர் ஆறிவிட்டது.

"அப்பா, இங்க ஒருத்தரும் எங்களைப் பின்னால கலைச்சுக்கொண்டு வரேல்லை. ஒருக்கா இருங்கோவன்!"

சத்தமாகவே சொல்லிவிட்டேன். "ஓம்" என்று மட்டும் சொல்லிவிட்டு இருந்தீர்கள். இரண்டு மாதத்தில் உங்கள் இதயம் நின்றுபோனது. அதற்குள் நான் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

இன்று அதே மூலையில் இருந்து வரைபடத்தை விரித்தேன். வட்டங்களோடு மெல்லிய கோடு ஒன்றும் இருந்தது. காலையில் அது கண்ணில் படவில்லை. விரலை வைத்துப் பார்த்தேன். பாலத்தைத் தவிர்த்து, மூங்கில்களின் பக்கமாக, கிட்டின வாசலுக்குப் போகிறது. அது தொடங்குவது தேநீர்ச்சாலையில். நான் இருந்த மூலையில் ஒரு சின்னப் புள்ளி வைத்திருக்கிறீர்கள்.

எனக்கு இரண்டு வயதில், சண்டை நேரம் என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஊரைவிட்டு ஓடினீர்கள் என்று அம்மா சொல்லியிருக்கிறா. அன்றைக்கு எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் எங்கே நின்றீர்கள், எவ்வளவு நேரம் நின்றீர்கள்? நீங்கள் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்து பார்த்தேன், அப்பா. முடியவில்லை. எழும்பி, மூங்கில் பக்கம் கதிரையைத் திருப்பிப் போட்டபிறகுதான் தேநீர் தொண்டையில் இறங்கியது. ஜாக்கெற்றை இனி ஒருவருக்கும் கொடுக்கப்போவதில்லை. வரைபடத்தை நீங்கள் மடித்த மடிப்பிலேயே மடித்து, அதே பையில் வைத்திருக்கிறேன்.