மூன்று பேர் சீட்டில் நாம் இருவர்

என் சீட்டுக்காரிக்கு,

வேகவைத்த மல்லாட்டை ஒரு பொட்டலம் மேஜைமேல் இருக்கிறது. இன்னும் பிரிக்கவில்லை. காகிதம் நனைந்து, உப்பும் வேர்க்கடலைத் தோலும் சேர்ந்த அந்த வாசனை வீடு முழுக்கப் பரவிவிட்டது. இப்போதைக்கு நான் தொடக்கூடாத பண்டம். அப்புறம் எதுக்குடி வாங்கின என்று நீ கேட்பாய். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன், பொறு.

இன்றைக்குச் சாயங்காலம் ரயில் லேட். ஆபீசிலிருந்து நேராக விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டேன். நீ போனபிறகு அந்தப் பக்கம் போவது இதுதான் முதல் தடவை. போன வருஷம் திண்டிவனத்திலிருந்து உன்னை ஆம்புலன்ஸில் ஏற்றி, முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பஸ்ஸில் போனால் தினமும் இரண்டு வேளை அந்த ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டவேண்டும். எனக்குத் தெம்பில்லை. அதனால்தான் ரயிலுக்கு மாறினேன்.

நம் பஸ் வந்து நின்றதும் என் கை என்னைக் கேட்கவே இல்லை. கைக்குட்டையை எடுத்து ஜன்னல் வழியாக மூன்று பேர் சீட்டில் போட்டது. அது உன் வேலை. கூட்டத்துக்குள் கையை நீட்டி நீ கைக்குட்டை போட்டால் எந்தக் கொம்பனும் அந்த சீட்டில் உட்கார மாட்டான். நான் ஜன்னலோரம், நீ இந்தப் பக்கம். மூன்றாவது ஆளுக்கு நாம் விட்டுவைத்த இடத்தில் ஒரு டிபன் பாக்ஸ்கூட நிற்காது. "மூணு டிக்கெட்டா கிழிக்கட்டுமாம்மா" என்று கண்டக்டர் கிண்டல் செய்தபோது, "கிழிங்கண்ணா, ஆனா அப்புறம் தள்ளி உக்காரச் சொல்லி எவனாவது வந்தான்னா நீங்கதான் பதில் சொல்லணும்" என்றாய். பஸ்ஸே சிரித்தது. நானாக இருந்தால் அன்றைக்கு அழுதிருப்பேன். நீ பக்கத்தில் இருந்தால் குண்டாக இருப்பதுகூட ஒரு கட்சி மாதிரி இருந்தது.

உடம்பைக் குறைக்கிற ஆபரேஷனுக்கும் கட்சியாகத்தான் போவதாக இருந்தோம். சென்னையில் அந்த டாக்டர் படம் வரைந்து காட்டினார். இரைப்பையில் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழம் மாதிரி ஒரு குழாயை மட்டும் விட்டுவைப்பார்களாம். நீ என் காதில், "வெட்டுனத இன்னாடி பண்ணுவாங்க? எங்கம்மா ஊட்டி ஊட்டி வளத்ததுடி" என்றாய். டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். திரும்பி வரும்போது எல்லாம் பேசி முடித்தோம். ஒரே ரூம், பக்கத்துப் பக்கத்துக் கட்டில். யார் முதலில் எழுந்து நடக்கிறாளோ அவள் மற்றவளுக்குத் தண்ணீர் கொடுக்கவேண்டும். உன் மகள் கல்யாணம் முடியட்டும் என்று நீதான் தள்ளிப்போட்டாய். "பந்தியில உக்காந்து நல்லா சாப்ட்டுட்டு, கடைசியா ஒரு கும்புடு போட்டுட்டு வர்றேன்." பந்தியில் நன்றாகத்தான் சாப்பிட்டாய். மறுவீட்டு விருந்து முடிந்து பாத்திரமெல்லாம் கழுவி அடுக்கிய மறுநாள் காலையில் உனக்கு நெஞ்சு வலித்தது.

நான் தனியாகப் போனேன். பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது, விரிப்புகூடக் கலையவில்லை. நர்ஸ் மருந்து மூடி மாதிரி ஒன்றில் தண்ணீர் கொடுத்து, நக்கி நக்கிக் குடிக்கச் சொன்னாள். தாகம் தொண்டையைப் பிய்க்கிறது, கையில் இருப்பதோ ஒரு மூடித் தண்ணீர். அப்போது உன்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. செத்துப்போனவள் என்றுகூடப் பார்க்காமல் திட்டினேன்.

வல்லத்திலிருந்து அண்ணி வந்து பத்து நாள் உடன் இருந்தார்கள். பாவம், நல்ல மனசு. டாக்டர் தண்ணீர், வடிகட்டிய சூப், மோர் என்று சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்ததும் பிள்ளை பெற்றவளுக்கு வைப்பதுபோல் பூண்டு உரித்துப் பத்தியக் குழம்பு வைத்து, குழையக் குழையச் சோறு பிசைந்து கொண்டுவந்துவிட்டார்கள். "வயித்தக் கிழிச்சவளுக்கு வெறுந்தண்ணி குடுத்தா பொண்ணு எப்படி எழுந்து நிக்கும்? டாக்டருக்கு இன்னா தெரியும், சாப்புடு." அவர்கள் முகத்தைப் பார்த்து மறுக்க முடியவில்லை. இரண்டே வாய். நெஞ்சுக்குள் கல் வைத்த மாதிரி அடைத்துக்கொண்டு, வாசலில் குனிந்து நின்று எல்லாவற்றையும் வெளியே கொண்டுவந்தேன். அண்ணி என்னைவிட அதிகமாக அழுதார்கள். நீ இருந்திருந்தால் அண்ணியையும் சமாதானப்படுத்தி, அந்தக் குழம்பையும் நீயே காலி செய்திருப்பாய்.

அண்ணி ஊருக்குப் போனபிறகு வீட்டில் நானும் மிக்சியும்தான். மூன்று மாதம் ஆகிறது. இருபத்திரண்டு கிலோ குறைந்திருக்கிறது. முழங்கால் வலி இல்லை, சுகர் மாத்திரை பாதியாகிவிட்டது, டாக்டருக்கு ரொம்ப சந்தோஷம். தலைமுடிதான் சீப்போடு வருகிறது. தையல்காரர் இத்தனை வருஷம் என் ஜாக்கெட்டைப் பிரித்துவிட்டே பழகியவர், இப்போது பிடித்துத் தைக்கச் சொன்னதும், "உடம்பு கிடம்பு சரியில்லையாம்மா" என்றார். ஆபீசில் புதுசாக வந்தவர்கள் எனக்கு ஏதோ பெரிய வியாதி என்று பேசிக்கொள்கிறார்கள். மத்தியானம் எல்லாரும் வட்டமாக உட்காரும்போது நான் ஒரு கிண்ணத்தில் மசித்த பருப்பை வைத்துக்கொண்டு, குழந்தை ஸ்பூனால் கிளறுகிறேன். பசியே இல்லை. பசி இல்லாமல் போனால் நிம்மதி என்று நினைத்திருந்தோமே. ஒரு நாளில் எவ்வளவு நேரம் மிச்சமாகிறது தெரியுமா? அந்த நேரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றே தெரியவில்லை. சாப்பாட்டைவிட, உன்னோடு சாப்பாட்டைப் பற்றிப் பேசியதுதான் எனக்கு அதிகம் என்று இப்போது புரிகிறது.

கண்ணாடியில் கழுத்தெலும்பு தெரிகிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு பயம் பிடித்துக்கொண்டது. உனக்குத் தெரிந்தவள் இப்படியே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோய்விட்டால், நீ எதிரே வந்தாலும் என்னை யாரென்று கேட்பாயோ என்று.

சாயங்காலத்துக்கு வருகிறேன். ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கைக்குட்டை உன் இடத்தில் அப்படியே கிடந்தது. ஒரு பெண் கையில் பையோடு வந்து, "இங்க ஆள் வருதாங்க?" என்றாள். "வருது" என்று சொல்லிவிட்டேன். சொன்னபிறகுதான் தூக்கிவாரிப்போட்டது. அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு கம்பியைப் பிடித்து நின்றாள்.

அப்போது ஜன்னலுக்குக் கீழே கூடை வந்தது. நம் மல்லாட்டைக்காரம்மாதான். நம்மைப் பார்த்தால் கேட்காமலே இரண்டு பொட்டலம் நீட்டுவார்களே, அவர்களேதான். நான் சிரித்தேன். யாரோ புது ஆளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்து, "சூடா இருக்கு, ஒண்ணு தரட்டுமா?" என்றார்கள். தலையாட்டினேன். படியில் அளந்து காகிதத்தில் கொட்டிக்கொண்டே, காலியாக இருந்த இடத்தைப் பார்த்தார்கள்.

"இந்த சீட்டுல ரெண்டு அம்மா வருவாங்க. நல்லா வாட்டசாட்டமா. சீட்டு பூரா அடைச்சிக்கினு உக்காந்து, திண்டிவனம் வரைக்கும் தின்னுகினு சிரிச்சிகினே போவாங்க. இப்ப ரெண்டு பேரையும் காணோம். வேற ஊருக்கு மாத்திட்டாங்களாட்டம் இருக்குது. உனக்குத் தெரியுமாம்மா?"

நான்தான் அதில் ஒருத்தி என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் அடுத்து உன்னைப் பற்றிக் கேட்பார்கள். அவர்கள் மனதில் சிரித்துக்கொண்டே போகிற இரண்டு பேரில் ஒருத்தியை நானே இறக்கிவிடவேண்டும்.

"தெரியும்மா. ரெண்டு பேரையும் ஒரே ஊருக்கு மாத்திட்டாங்க," என்றேன்.

"நல்லதாப் போச்சு. ஒண்ண விட்டு ஒண்ணு இருக்காதுங்க," என்று சொல்லி ஒரு கை கொசுறு போட்டுவிட்டு அடுத்த ஜன்னலுக்குப் போனார்கள்.

விசில் ஊதியதும் கைக்குட்டையை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, நின்றிருந்த பெண்ணை உட்காரச் சொன்னேன். அவளுக்குப் பக்கத்தில் இன்னொரு அம்மாளும் உட்கார்ந்தார். மூன்று பேர் சீட்டில் மூன்று பேர். யாரும் யாரையும் தள்ளி உட்காரச் சொல்லவில்லை. முண்டியம்பாக்கம் கேட் வந்தபோது மடியில் பொட்டலம் சூடாக இருந்தது. இந்த முறை முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

இப்போது பொட்டலம் ஆறிவிட்டது. நான் இன்னும் எத்தனை கிலோ குறைந்தாலும், அந்தம்மாவின் கணக்கில் நாம் அதே உடம்போடு அதே சீட்டில்தான் இருக்கிறோம். நாளைக்கும் அந்த பஸ்ஸில்தான் போவேன். கைக்குட்டை பையிலேயே இருக்கிறது.

உன் ஜன்னலோரத்துக்காரி