உப்புக் கதவின் கடைசி அத்தியாயம்

நாள் 2,114 — 09:20

செவ்வாயைச் சுற்றும் நூலக நிலையம். பொறுப்பாளர் மரிய செல்வராணி, வயது 52. இங்கே ஆள் நான் ஒருத்திதான். மின்கலம் 91%. காபித்தூள் தீர்ந்து நான்கு நாள் ஆகிறது. அதைப் பற்றி ஆரம்பித்தால் பக்கம் போதாது.

கீழே மண்ணுக்கடியில் குடியிருப்பு. நாளுக்கு ஒரு முறை, இருபத்திரண்டு நிமிடம் மட்டும் அதற்கு நேர்மேலே வருவேன். அதற்குள் பதின்வயதுப் பிள்ளைகளுக்கு நாவல்களை அனுப்ப வேண்டும். இம்மாதப் பட்டியலில், இரண்டு மொழி பேசும் வீட்டில் பிறந்து இரண்டிலும் விருந்தாளியாகவே நிற்கும் பையனின் கதை ஒன்று. குடும்பப் பெயரை வைத்துச் சாப்பாட்டு வரிசையைப் பிரிக்கும் ஊரின் கதை இன்னொன்று. பிறகு 'உப்புக் கதவு'. மதில் சூழ்ந்த நகரத்துப் பெண் ஒருத்தி, ஊர் சொன்ன பொய்களை ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கிறாள்.

படித்து முடித்தவர் வாசகர் அட்டையில் ஒரு வரி எழுதினால்தான் அடுத்த புத்தகம். இது என் விதி, நல்ல விதி. குடியிருப்பை நடத்தும் குழுவின் விதி வேறு. ஊரைக் குறை சொல்லும் நாவல் என்றால், பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கடைசி அத்தியாயத்தை வெட்டித்தான் அனுப்ப வேண்டும். குறை தெரியலாம், அதற்கு என்ன செய்வது என்று தெரியக்கூடாதாம். வடிகட்டிய முட்டாள்தனம். ஆறு வருடமாக வெட்டிக்கொண்டிருப்பவள் நான்தான்.

நாள் 2,115 — 10:08

புது வாசகி. பெயர் சாரல், வயது பதினாறு. செய்தி:

"செல்வராணி ஆன்ட்டி, எங்கப்பா அம்மா ரெண்டாவது கப்பல்ல வந்தாங்க. அதனால முதல் கப்பல் ஆளுங்க என்னையும் 'புதுசா வந்தவ'ன்றாங்க. நான் இங்கதான் பொறந்தேன்! என்ன மாதிரி ஒருத்தி வர்ற கதை ஏதாச்சும் இருக்கா? சோகமா இருந்தாலும் பரவால்ல. அறிவுரை மட்டும் வேணாம்."

வாய்விட்டுச் சிரித்தேன். இங்கே சிரித்து எத்தனை நாளாகிறது! 'உப்புக் கதவு' அனுப்பினேன், வழக்கம்போல வெட்டி.

நாள் 2,119 — 10:05

தூசிப் புயல் கிளம்புகிறது. மின்கலம் 74%. சாரலிடமிருந்து:

"ஆன்ட்டி, ஏழாம் தாழ்வாரத்துல காத்து லீக்குன்னு பூட்டி வச்சிருக்காங்கல்ல? பச்சைப் பொய். குழாய் வழியா ஊர்ந்து போய்ப் பாத்தேன். உள்ள முதல் கப்பல்காரங்களோட தோட்டம். தக்காளி ஆன்ட்டி, தக்காளி! அந்தக் கதையில வர்ற மாதிரியேதான். அப்போ வேற எதெல்லாம் பொய்?"

'சபாஷ்' என்று பதில் போட்டேன். அது மட்டும்தான் போட்டேன்.

நாள் 2,122 — 10:02

சாரலின் அட்டை வந்தது.

"கதை கதவுகிட்ட வந்து நின்னுபோச்சு. வெளிய காத்து இல்லன்னு அந்த ஊர்லயும் சொல்றாங்க, இங்கயும் சொல்றாங்க. முடிவ நானே போய்ப் பாத்துட்டு வந்து எழுதறேன், ஆன்ட்டி."

10:04

வெட்டிய அத்தியாயம் ஒன்பது பக்கம். அதில் அந்தப் பெண் கதவை ஒரு விரற்கடை திறக்கிறாள். ஊர் சொன்னதில் அது ஒன்று மட்டும் உண்மை. மூச்சடைத்துக் கதவைச் சாத்துகிறாள். திரும்பி நடந்து, ஊர் நடுவில் நின்று, மற்ற பொய்களை எல்லாம் உரக்கச் சொல்கிறாள்.

விதியாவது மண்ணாவது. அனுப்புகிறேன். 6% போயிருக்கிறது.

10:11

குழுத்தலைவர் ஞானதுரையைக் கூப்பிட்டு, கதவுக்கு ஆள் அனுப்பச் சொன்னேன். பதில்: "கதவுப் பக்கம் யாரு மேடம் போவா? சின்னப் பிள்ளைங்க ஏதாச்சும் விளையாட்டுக்கு எழுதும். நீங்க பதறாதீங்க."

19%. புயல் அலையைத் தின்கிறது.

10:19

38%. சாரல், நில்லு. ஒரு நிமிஷம் நில்லு தாயி.

10:24

எல்லை தாண்டியாயிற்று. 41%.

நாள் 2,123 — 10:03

ஞானதுரை: "மேடம்... பழைய சரக்குக் கதவு. அந்தப் பொண்ணு. உடம்ப எடுத்துட்டோம். டேப்லெட் கெடைக்கல, புயல் அடிச்சிட்டுப் போயிடுச்சு போல. மத்தவங்க யாருக்கும் ஒன்னும் ஆகல. உள்கதவ அவளே இறுக்கிச் சாத்திட்டுத்தான் போயிருக்கா."

சாத்திவிட்டுப் போயிருக்கிறாள். அப்படியென்றால் அவளுக்குச் சந்தேகம் இருந்திருக்கிறது. அதற்குப் பதில் என்னிடம் இருந்தது. ஒன்பது பக்கம்.

நாள் 2,126 — 10:09

சாரலின் டேப்லெட்டிலிருந்து சிக்னல். வெளியே மணலில் எங்கோ கிடக்கிறது. புயல் சற்று விலகி வெயில் பட்டதும் சார்ஜ் ஏறி, பாக்கி அத்தியாயத்தைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டது.

100%.

பக்கம் 1 திறக்கப்பட்டது.

நாள் 2,127 — 10:15

பக்கம் 2. பக்கம் 3. மணல் திரையில் உரசினால் பக்கம் திரும்பும். எனக்குத் தெரியாதா என்ன?

ஞானதுரை: "அடுத்த மாச லிஸ்ட் இன்னும் வரல மேடம். வழக்கம்போல வெட்டி அனுப்பிடுங்க."

அனுப்பினேன். அறுபத்துமூன்று பிள்ளைகளுக்கும், ஆறு வருடம் நான் வெட்டிய அத்தனை கடைசி அத்தியாயங்களையும். அலைபரப்பி சூடேறிக் கருகல் வாடை அடிக்கிறது. மின்கலம் 17%, சார்ஜ் ஏற மாட்டேன் என்கிறது. குழு என்னை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும்.

நாள் 2,129 — 10:06

பக்கம் 7. புயல் நின்று இரண்டு நாளாகிறது. கீழே காற்றே இல்லை என்கிறது வானிலைக் கருவி.

பக்கம் 8.

கருவி பழுதாக இருக்கும். இருக்கட்டும்.

நாள் 2,130 — 10:20

மின்கலம் 4%. சூடேற்றியை நிறுத்திவிட்டேன், தொடர்பு மட்டும் ஓடுகிறது. விரல் மரத்துப்போகிறது.

பக்கம் 9. புத்தகம் முடிந்தது. அட்டை திறந்திருக்கிறது. கீழே வரி ஓடுகிறது:

*வாசகர் எழுதிக்கொண்டிருக்கிறார்…*

10:23

*வாசகர் எழுதிக்கொண்டிருக்கிறார்…*

எழுதும்மா. அவசரமில்லை. நான் இங்கேதான் இருக்கி