பிளாஸ்மா தந்த ஒரு பகல்

இன்று மத்தியானம் உங்கள் அண்ணன் கட்டிலுக்கு மேலே அன்று உங்களுக்கு ஏற்றியது போன்ற மஞ்சள் பிளாஸ்மா பை தொங்கியது. அதன்மேல் பெரிதாக ‘ஏ’ என்ற குரூப் எழுத்து. குடல் புண் வெடித்து இரத்தமாக வாந்தி எடுத்தவரை, உங்களைச் சேர்த்த அதே ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு வந்திருந்தோம்.

பல வருடங்களுக்கு முன், எண்ணெய் ஆட்டும் செம்பனைப் பழம் ஏற்றிய லோரி கவிழ்ந்து, வயிற்றுக்குள் இரத்தம் கொட்டக் கொட்ட உங்களைக் கொண்டு வந்தார்கள். நீங்கள் ‘பி’ குரூப் என்பது எஸ்டேட்டுக்கே தெரியும். திருவிழாவுக்குத் திருவிழா கோயில் மண்டபத்தில் இரத்தம் கொடுத்து, மோட்டார் ஹெல்மெட்டிலும் ‘பி’ என்று பெயிண்ட் அடித்து வைத்திருந்த ஆளாயிற்றே! ஆஸ்பத்திரிக்கு எப்படித் தெரியும்? உங்களுக்கும் இதே ‘ஏ’ பையைத்தான் மாட்டினார்கள்.

“என் தம்பி பி குரூப் லா! என்னத்த ஏத்துறீங்க?” என்று அண்ணன் கத்தினார்.

டாக்டரம்மா நிதானமாகத்தான் சொன்னார். “இது செவப்பு ரத்தம் இல்லைங்க. ரத்தத்த உறைய வைக்கிற பிளாஸ்மா. நீங்க சொல்றத மட்டும் வெச்சு ஏத்த முடியாது, டெஸ்ட் முடியிற வரைக்கும் காத்திருந்தா அவரு தாங்க மாட்டாரு. ஏ குரூப் பிளாஸ்மா பெரும்பாலும் மத்தவங்களுக்கும் ஒத்துக்கும். பாத்துக்கிட்டேதான் இருக்கோம். குரூப் தெரிஞ்சதும் மாத்திடுவோம்.”

அண்ணன் காதில் எதுவும் ஏறவில்லை. புகார் கொடுக்கக் கிளம்பிவிட்டார்.

மறுநாள் நீங்கள் கண் விழித்தீர்கள். ஒரு பகல் முழுக்க என்னோடு பேசினீர்கள். அதற்கடுத்த நாள் போய்விட்டீர்கள். கிழிந்த ஈரல்தான் காரணம் என்றார் டாக்டர். “மாத்தி ஏத்திக் கொன்னுட்டானுங்க” என்றார் அண்ணன். வருடா வருடம் உங்கள் படையலுக்கு முன்னாலும் அதே பேச்சு. நம் மகள் அதைக் கேட்டுத்தான் வளர்கிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மூத்தவராயிற்றே என்று வாயை மூடிக்கொண்டு சோறு பரிமாறுவேன்.

இன்று அவர் ஊசியைப் பிடுங்கக் கை வைத்தார். “அதே பைதானம்மா இது? என்னையும் அனுப்பப் பாக்குறானுங்களா?”

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். “அதேதான், மாமா. அது ஏறுனதாலதான் அவரு ஒரு பகல் என்கூடப் பேசுனாரு. நீங்க அன்னிக்குப் புகார் கொடுக்க அலைஞ்சுக்கிட்டு இருந்தீங்க. கைய எடுங்க.”

மூத்தவரிடம் நான் அப்படிப் பேசியதே இல்லை. அவர் கையை எடுத்துவிட்டார்.

சாயங்காலம் இரத்தம் நின்றது. அண்ணன் என் பக்கம் திரும்பி, “அன்னிக்குத் தம்பி என்னம்மா பேசுனான்?” என்றார். இத்தனை வருடத்தில் அதை அவர் கேட்டதே இல்லை.

“பழத்த வேற லோரியில ஏத்தியாச்சான்னு கேட்டாரு.”

சிரித்தார். “அப்புறம்?”

“அண்ணன் எங்கன்னு கேட்டாரு, மாமா. வாசலப் பாத்துக்கிட்டே கேட்டாரு.”

சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். முதுகு குலுங்கியது.

அந்தக் கேள்வியின் பாரத்தை இத்தனை நாள் நான் ஒருத்தி மட்டும் சுமந்திருந்தேன். இப்போது அவரிடமும் இருக்கிறது. ஆனாலும் என்னிடம் கொஞ்சமும் குறையவில்லை.