இருபத்திரண்டு ஆண் மரங்கள்

அன்பு மகனுக்கு, அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் பேத்தியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், இங்கே நான் சுகம், உன் அப்பாவைப் பற்றியும் அப்படி எழுதினால் அது பொய்.

பிஸ்தா அறுவடை முடிந்தது. கொத்துக் கொத்தாகக் காய்த்திருப்பதைப் பார்த்து உன் அப்பா கோடை முழுக்க விசிலடித்துக்கொண்டு திரிந்தார். மரத்தை உலுக்கிப் படுதாவில் கொட்டியதும் நான் ஒன்றை உடைத்தேன், உள்ளே ஒன்றுமில்லை, பொக்கு. அடுத்ததும் பொக்கு, அதற்கடுத்ததும் பொக்கு. வியாபாரி ஒரு கை அள்ளிக் காதருகே குலுக்கிவிட்டு, "அடுத்த வருஷம் பாக்கலாம்மா" என்று என் முகத்தைப் பார்க்காமலே வண்டியேறிவிட்டார்.

காரணம் நீதான். போன குளிர்காலத்தில் பத்து நாள் லீவில் வந்தாய், போனைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசை வரிசையாக நடந்தாய், காய்த்த கொத்தின் காய்ந்த காம்புகூட இல்லாத இருபத்திரண்டு மரங்களைக் கண்டுபிடித்து, தண்டத்துக்குத் தண்ணீர் குடித்துக்கொண்டு நிற்கின்றன, வெட்டிவிட்டுக் காய்க்கிற கன்றாக வையுங்கள் என்றாய். அவை ஆண் மரங்களடா. அவற்றின் மகரந்தம் காற்றில் வந்தால்தான் மற்ற மரங்களில் பருப்புப் பிடிக்கும், இல்லாவிட்டால் ஓடு மட்டும் அழகாக வளரும். இந்தத் தோட்டத்து வருமானத்தில் படித்த பிள்ளைக்கு இது தெரியவில்லையே என்று வயிறு எரிகிறது. உன் அப்பாவுக்குத் தெரியாதா என்றால், இருபத்திரண்டையும் நட்டவரே அவர்தான். நீ போன மறுநாளே ரம்பத்தோடு கிளம்பியவரிடம் கேட்டேன். "நாளைக்குத் தோட்டத்தப் பாத்துக்கப் போறவன் அவன்தான். மொத மொதலா ஒண்ணு சொல்லியிருக்கான், அதையும் வேண்டாம்னா திரும்பி வருவானா? பக்கத்துத் தோட்டத்துல இருந்து காத்து வரும், விடு" என்றார். காற்று வந்தது, வேறொன்றும் வரவில்லை.

இப்போது பக்கத்துத் தோட்டத்தில் ஆண் மரக் குச்சிகளை வாங்கிவந்து, காய்க்கிற மரங்களில் மரத்துக்கு ஒரு கிளை என்று மொட்டு வைத்து ஒட்டுக் கட்டுகிறார். எழுபத்தொரு வயதில் ஏணியில் நிற்கிறார். அது வளர்ந்து பூக்க நாலைந்து வருஷமாவது ஆகும். திட்டினால், "அவன் வர்றதுக்குள்ள எல்லாம் தயாரா இருக்கணும்ல" என்கிறார்.

நீ கிளம்பிய அன்று காலையில் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு, அங்கே வீடு வாங்கிவிட்டேன், இனி திரும்பி வரமாட்டேன், அப்பாவிடம் இப்போது சொல்லாதீர்கள் என்றாயே, வராத தோட்டத்துக்கு எதற்கடா யோசனை சொன்னாய்? அன்றைக்கே நான் வாயைத் திறந்திருந்தால் ஒரு மரம்கூட விழுந்திருக்காது. பெற்ற பிள்ளைக்குக் கொடுத்த வாக்கு என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன், அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. இனி என்னால் முடியாது. நீயே அவர் பெயருக்குத் தனியாகக் கடிதம் எழுது. போனில் சொல்லாதே, பாதியிலேயே என் கையில் கொடுத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விடுவார்.

நீங்கள் மூவரும் ஒரு குறையுமில்லாமல் நன்றாக இருக்க வேண்டும், கோபத்தோடு எழுதினாலும் இதை மனதாரத்தான் எழுதுகிறேன். பேத்திக்கு முத்தம். வேலை வேலை என்று சாப்பிடாமல் கிடக்காதே. இந்த மாதத்துக்குள் உன் கடிதம் வந்தாக வேண்டும், மறக்காதே. வராவிட்டால் நானே சொல்லிவிடுவேன், ஆனால் நான் சொன்னால் அவர் நம்பமாட்டார், என் பிள்ளையைப் பற்றி இப்படிச் சொல்ல உனக்கு எப்படி மனசு வந்தது என்று என்னோடு சண்டைக்கு வருவார்.

இப்படிக்கு,
உன் அம்மா