பக்கத்து இருக்கையில் டுவேன்

மே 12, ஞாயிறு

பேக்கர் ஊரிலிருந்து ஒருவர் எங்கள் டிரெய்லரை, பிக்கப் வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகிற அந்தச் சின்ன வீட்டை, பார்க்க வந்தார். டுவேன் அதை விற்பதாக விளம்பரம் கொடுத்திருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். வந்தவர் நல்ல மனிதர். சக்கரத்தை உதைத்துப் பார்த்தார், உள்ளே போய்க் கட்டிலை அமுக்கிப் பார்த்தார். நான் தோட்டத்திலிருந்து மண் கையோடு ஓடிவந்து, "இது விற்பனைக்கு இல்லீங்க" என்றேன். அவர் என் கணவன் டுவேனைப் பார்த்தார். அவனோ அவருடைய தொப்பிக்கு மேலே எங்கேயோ பார்த்தான். கண்ணின் நடுப்பார்வை போன பிறகு, எதைப் பார்க்க வேண்டுமானாலும் அதற்குப் பக்கத்தில்தான் அவன் பார்க்க வேண்டியிருக்கிறது. பாவம் அவர், யாரிடம் பேசுவதென்று புரியாமல் கிளம்பிப் போனார்.

"ஓட்ட ஆளில்லாத வண்டிய வச்சு என்ன பண்றது வெர்லா? கோழி அடைக்கவா?"

"நான் இழுத்துட்டுப் போறேன்."

சிரித்தான். லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்த இந்தப் பதினான்கு மாதத்தில் அவன் வாய்விட்டுச் சிரித்தது இதுதான் முதல் தடவை. சந்தோஷப்படுவதா, மண்வெட்டியைத் தூக்குவதா?

மே 13

ஆகஸ்ட் வரை கெடு வாங்கியாயிற்று. அதற்குள் நான் டிரெய்லரைக் கடற்கரை வரை இழுத்துக்கொண்டு போக வேண்டும். முடியாவிட்டால் விற்றுவிடலாம். அந்நியர்களைப் போலக் கைகுலுக்கிக்கொண்டோம்.

மே 19

முதல் பாடம்: ரிவர்ஸ். ஆசிரியர்: டுவேன். முப்பத்தொரு வருஷம் மலைப்பாதைகளில் மரம் ஏற்றிய லாரி ஓட்டியவன். பாடம் பதினொரு நிமிஷம் நடந்தது.

"இடது! அந்த இடது இல்ல, டிரெய்லரோட இடது!"

"டிரெய்லருக்கு ஏதுடா தனி இடது?"

தபால் பெட்டிக் கம்பம் சாய்ந்துவிட்டது. இறங்கிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். அவன் இன்னும் கத்திக்கொண்டிருந்தான். இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையையும் அதில் இருநூத்தி நாப்பது பிள்ளைங்களையும் கட்டி மேய்ச்சவ நான், என்கிட்ட இந்தச் சத்தமெல்லாம் வேணாம் — அப்படியே சொன்னேன். சாவியை அவன் மடியில் போட்டுவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன். வாசலில்தான் நடந்தது எல்லாம் என்பதால் ரொம்ப தூரம் நடக்கவில்லை.

மே 20

பேசவில்லை.

மே 21

பன்றித்தொடைக் கறியும் உருளைக்கிழங்கும் அடுப்பில் வைத்துச் சுட்டேன். இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டான். பேசவில்லை.

மே 26

மூன்று வீடு தள்ளியிருக்கும் நடீன் பிக்கார்டிடம் போய் நின்றேன். குதிரைப் போட்டிகளுக்காக வருஷத்தில் பாதி நாள் டிரெய்லரும் கையுமாக அலைகிறவள். என்னைக் கால்நடைக் கண்காட்சி மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். இந்த மாதம் அங்கே ஆளே கிடையாது, புல் மட்டும்தான்.

"ஸ்டீயரிங்ல கைய மேல வைக்காத. அடியில பிடி. டிரெய்லரோட பின்பக்கம் எந்தப் பக்கம் போகணுமோ, கையும் அந்தப் பக்கம் போகட்டும். அவ்வளவுதான்டி விஷயம்."

அவ்வளவுதான். முப்பத்தாறு வருஷத் திருமண வாழ்க்கையில் இதை ஒருத்தரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்டதில்லை என்பது வேறு விஷயம்.

ஜூன் 8

ரிவர்ஸ். ரிவர்ஸ். ரிவர்ஸ். கனவில்கூடப் பின்னால் போகிறேன்.

ஜூன் 16

இன்று எடைப் பாடம். எங்கள் பிக்கப் பெரிய வண்டி இல்லை, சின்னதும் இல்லை, நடுவாந்தரம். "இழுக்கிற பலத்த மட்டும் பாத்துட்டு எல்லாரும் ஏமாறுறாங்க" என்றாள் நடீன். "உன் கதவு ஓரத்துல ஒட்டியிருக்கிற சீட்டப் படி." படித்தேன். ஆட்கள், சாமான், கொக்கியில் உட்காரும் கனம் எல்லாம் சேர்ந்து ஆயிரத்து இருநூறு பவுண்டு. அதற்கு மேல் ஒரு செங்கல்கூடக் கூடாது.

அப்புறம் டிரெய்லரின் மூக்கு. பிக்கப்பின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புப் பந்தின் மேல் உட்காருகிற அந்த மூக்குப் பகுதி மொத்த எடையில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையவும் கூடாது, ஏழில் ஒரு பங்குக்கு மேலே போகவும் கூடாது. மூக்கு லேசாகிப் பின்பக்கம் கனத்தால், வேகத்தில் டிரெய்லர் நாய் வாலாட்டுகிற மாதிரி ஆட ஆரம்பித்துவிடுமாம்.

"ஆடினா பிரேக்கை மிதிச்சிடணும், சரிதானே?"

"மிதிச்சா செத்த. ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடு, ஸ்டீயரிங்க நேரா பிடி, டேஷ்போர்டுக்குக் கீழ இருக்கு பாரு இந்தக் குட்டி நெம்புகோல், இத அமுக்கு. டிரெய்லரோட பிரேக் மட்டும் தனியா பிடிக்கும். பின்னாடி இருக்கிறது உன்னப் பிடிச்சு இழுத்து நேராக்கும்."

வீட்டில் எண்களைக் காகிதத்தில் வாய்விட்டுக் கூட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த அறையிலிருந்து குரல் வந்தது: "தண்ணித் தொட்டிய மறந்துட்ட. நெறஞ்சிருந்தா முன்னூறு பவுண்டு."

கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

ஜூலை 7

ஒரே தடவையில் இரண்டு ஆப்பிள் மரங்களுக்கு நடுவில் கொண்டுபோய் நிறுத்தினேன். ஒரே தடவையில்!

ஜூலை 14

டுவேன் மைதானத்துக்கு வந்தான். யாரும் கூப்பிடவில்லை. வேலியோரம் எனக்கு முதுகைக் காட்டாத குறையாகப் பக்கவாட்டில் திரும்பி நின்றான். அப்படி நின்றால்தான் நான் அவனுக்குத் தெரிவேன் என்பது எனக்கும் அவனுக்கும்தான் தெரியும். பார்க்கிறவர்களுக்குக் கோபித்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கும்.

அரை மணி நேரம் கழித்து ஜன்னலோரம் வந்து, "வலது பக்கச் சக்கரத்துல ஒரு பேரிங் கீச்சுங்குது. கிரீஸ் வைக்கணும்" என்றான். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. கழற்றிப் பார்த்தால், உண்மைதான். மாலை முழுக்க அவன் கையெல்லாம் கிரீஸ். முகம் தெளிந்திருந்தது.

ஆகஸ்ட் 9

நாளை கிளம்புகிறோம். டயர்க் காற்று, நட்டு முறுக்கு, விளக்கு, குறுக்காக மாட்டிய சங்கிலி, எல்லாம் பார்த்தாயிற்று. மூக்கை நிறுத்தேன்: ஐந்நூற்று இருபது பவுண்டு. அருமை.

சின்னச் சண்டை ஒன்று. டுவேனோடு லாரி ஓட்டிய ஹார்லன் இப்போது கடற்கரையில் இருக்கிறான். கல் அறுக்கும் ரம்பம் வைத்திருக்கிறான். டுவேன் இருபது வருஷமாகப் பொறுக்கிச் சேர்த்த இடிமுட்டைக் கற்களை அங்கே கொண்டுபோக வேண்டுமாம். வெளியே பார்த்தால் அழுக்கு உருளைக்கிழங்கு. அறுத்தால் உள்ளே நட்சத்திரம். நான் ஒரு பெட்டி என்றேன். அவன் ஐந்து என்றான். ஒரு பெட்டி என்று முடிந்தது.

ஆகஸ்ட் 10, சனி

எழுத்து கோணலாக வந்தால் வரட்டும்.

கேபேஜ் மலை இறக்கம். பள்ளத்தாக்கு மொத்தமும் காலடியில் கிடந்தது. கீழ் கியர், வலது தடம், நாற்பத்தைந்து மைல். எல்லாம் பாடத்தில் உள்ளபடி. இரண்டாவது வளைவுக்கு முன்னால் ஒரு பெரிய பஸ் எங்களைத் தாண்டிப் போனது. காற்று முதலில் தள்ளியது, பிறகு இழுத்தது. கண்ணாடியில் டிரெய்லரின் பக்கச் சுவர் தெரிந்தது. அது தெரியவே கூடாது! அப்புறம் இந்தப் பக்கம். அப்புறம் அந்தப் பக்கம், இன்னும் அதிகமா. வண்டியோட பின்பக்கத்த யாரோ புடிச்சு உலுக்குற மாதிரி. என் கால் பிரேக்குக்குப் போயிடுச்சு — போயிடுச்சு, தொட்டேன், தொட்டதும் எடுத்துட்டேன். நேரா பிடிச்சேன். நெம்புகோலைத் துழாவி அமுக்கினேன்.

பின்னாலிருந்து ஒரு பெரிய கை எங்களைப் பிடித்து இழுத்தது போல இருந்தது. ஒரு ஆட்டம். இன்னொன்று, சின்னதாக. நின்றுவிட்டது.

இத்தனை நேரமும் டுவேன் ஒரு சொல் சொல்லவில்லை. இரண்டு கையும் முழங்கால் மேல்.

அகலமான ஓரம் பார்த்து ஒதுக்கி நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்தேன். அதற்குப் பிறகுதான் அழுதேன்.

"ஏன் கத்தல நீ? தபால் பெட்டிக்கு அந்தக் கத்து கத்தின!"

"நெம்புகோல் அமுக்கின சத்தம் கேட்டுச்சு. கால எடுத்ததும் எஞ்சின் சத்தத்துல தெரிஞ்சுது. எல்லாம் சரியா செஞ்ச. நான் என்னத்தக் கத்த?"

பிறகு தொப்பியைக் கழற்றினான். "வெர்லா, உன் மேல தப்பில்ல. பின்னாடி கட்டிலுக்கு அடியில மிச்ச நாலு பெட்டி கல்லும் இருக்கு. விடியக்காலம் ஏத்தினேன்."

நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. மலைக்குக் கேட்டிருக்கும்.

ஆனால் என் மேலும் தப்பிருக்கிறது. காலையில் பிக்கப்பின் பின்பக்கம், மூக்கு லேசானதன் அடையாளமாக, கொஞ்சம் தூக்கலாக நின்றதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, நேற்றுதானே நிறுத்தோம் என்று ஏறி உட்கார்ந்துவிட்டேன். நடீன் கேட்டால் தோலை உரிப்பாள்.

பெட்டிகளை அவனையே தூக்க வைத்தேன். இரண்டை டிரெய்லரின் அச்சுக்கு முன்னால் தரையில் நெருக்கி வைத்துக் கட்டினோம். மற்ற இரண்டும் பிக்கப்பில். முப்பது மைல் வேகத்தில் பெண்டில்டன் வந்து சேர்ந்தோம். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். அடிக்கட்டும்.

ஆகஸ்ட் 11

பெண்டில்டன் முகாம். மறுபடி மூக்கை நிறுத்து, கணக்குப் போட்டேன். மூக்கு பரவாயில்லை, ஆனால் பிக்கப் தன் அளவைத் தாண்டுகிறது. இரண்டு பெட்டி இறங்கியாக வேண்டும். முகாம்காரம்மா பூப்பாத்தி கட்டிக்கொண்டிருந்தார். டுவேன் தானாகவே போய், பாத்தி ஓரத்துக்குக் கல் தருவதாகப் பேசினான். பெட்டி முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு கல்லாக விரலால் தடவி, எது இருக்க வேண்டும், எது போக வேண்டும் என்று பிரித்தான். ஒரு மணி நேரம் ஆனது. அவசரப்படுத்தவில்லை நான்.

முடித்துவிட்டு வந்து, "இனிமே உனக்குத் தெரியாம ஒரு கரண்டிகூட ஏத்த மாட்டேன்" என்றான்.

"ஏத்தினா?"

"நடந்தே வரேன்."

கோபம் எங்கே போனது என்று தேடிப் பார்த்தேன். காணவில்லை.

ஆகஸ்ட் 12

கொலம்பியா ஆற்றோரம் பேய்க்காற்று. போகவில்லை, இன்னொரு நாள் தங்குகிறோம். டுவேன் மறுபேச்சுப் பேசவில்லை. சீட்டு விளையாடினோம். பெரிய எழுத்துச் சீட்டுகள். இரண்டு ஆட்டம் அவன், ஆறு ஆட்டம் நான்.

ஆகஸ்ட் 14

கடல்! இரண்டு பைன் மரங்களுக்கு நடுவில், பத்துப் பேர் நாற்காலி போட்டு வேடிக்கை பார்க்க, மூன்று தடவையில் நிறுத்தினேன். மூன்று என்பது அவமானமில்லை.

ஆகஸ்ட் 17

ஹார்லனின் கொட்டகையில் ஆறு கற்களை அறுத்தார்கள். ஐந்தில் ஒன்றுமில்லை, வெறும் சாம்பல் நிறம். ஆறாவதில் கரைகட்டினாற்போல நீலம். டுவேன் ஈரத்தோடு அதைக் கையில் வாங்கிக் கதவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். ஹார்லனுக்குப் புரியவில்லை. "பிடிக்கலையாடா?" என்றான்.

"பாத்துட்டுத்தான்டா இருக்கேன்" என்றான் டுவேன். ரொம்ப நேரம் பார்த்தான்.

ஆகஸ்ட் 22

மழை. மீன் சூப். இன்னும் இரண்டு நாள் இருந்தால் என்ன என்று அவன்தான் கேட்டான்.

ஆகஸ்ட் 26

வீடு வந்து சேர்ந்தோம்.

பெண்டில்டனில் காபி வாங்கிக்கொண்டு கிளம்பினோம். மலையேற்றத்தில் பாதி தூரம் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தேன். எஞ்சின் சூடு ஏறுகிறதா என்று முள்ளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். உச்சியில் வெப்பம் குறைந்தது, பைன் வாசம் வந்தது. அந்தப் பக்க இறக்கத்தில் கீழ் கியர். ஒரு எண்ணெய் லாரி தாண்டிப் போனது. கண்ணாடியில் டிரெய்லர் அசையவில்லை. அதைச் சொல்லலாம் என்று திரும்பினேன்.

டுவேன் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். தொப்பி மடியில் விழுந்து கிடந்தது. வேறொருவர் ஓட்டுகிற வண்டியில் இந்த மனிதன் கண்ணை மூடி நான் பார்த்ததில்லை. அவனுடைய அம்மாவின் இறுதி ஊர்வலத்தில்கூட முன்னால் போன வண்டியின் வேகத்தைக் குறை சொல்லிக்கொண்டு வந்தவன்.

எழுப்பவில்லை. ரேடியோவை அணைத்தேன்.

எங்கள் ஊர் எல்லையில் புதினா அறுவடை நடந்துகொண்டிருந்தது. வண்டிக்குள் வாசம் அடித்ததும் மூக்கைச் சுருக்கிக்கொண்டு நிமிர்ந்தான்.

"மலை எப்ப வருது?"

"அது போயி ஒரு மணி நேரம் ஆச்சு."

"ஓ." தொப்பியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டான். பிறகு, "காபி மிச்சம் இருக்கா?"

"இல்ல. உன் குறட்டையக் கேட்டுக்கிட்டே நான் குடிச்சிட்டேன்."