கம்பளி போர்த்திய குன்று

நவம்பர் 9

மலைமேல் கோக்-பெல் மேய்ச்சலில் குழாய் பதித்து முடித்தோம். வீட்டுக்கு ஓர் ஆள், கையோடு ஒரு மண்வெட்டி, வேலை முடிந்ததும் எல்லோருக்கும் ஒரே அண்டாவிலிருந்து சூப்பு. எங்கள் வீட்டின் அந்த ஓர் ஆள் நான்தான். என் கணவர் ஜிர்கல் ரஷ்யாவில், யெகாத்தெரின்பர்கில் யார் வீட்டுச் சுவருக்கோ பூச்சு பூசிக்கொண்டிருக்கிறார்.

மாமத் அண்ணன் திட்டம் கேட்கச் சுலபம். குளிர்காலம் முழுக்க மேல் ஓடைத் தண்ணீர் யாருக்கும் ஆகாமல் ஓடிப்போகிறது. அதைக் குழாயில் இறக்கி, நிமிர்த்தி வைத்த முனை வழியாகப் பீய்ச்சினால் விழும்போதே உறையும். உறைந்து உறைந்து குன்றாகும். வசந்தக் கடைசியிலும் கோடையிலும் அது உருகும்போது ஆடுகள் மேலேயே நின்று குடிக்கும். ஊற்று வற்றியதிலிருந்து கோக்-பெல்லில் புல் இருக்கிறது, தண்ணீர் இல்லை. கீழ்ப் பள்ளத்தாக்கில் தண்ணீர் இருக்கிறது, புல் இல்லை. ஊர் ஆடெல்லாம் அங்கேயே நின்று மிதித்து வெறும் புழுதியாக்கிவிட்டன. ஒரு கோடையாவது அந்த நிலத்துக்கு ஓய்வு கொடுக்க வேண்டும்.

“வெல்டிங் பட்டறையை மூடிட்டு மலை செய்யக் கிளம்பிட்டியாண்ணே?” என்றாள் ஜூராகான், என் பக்கத்து வீட்டுக்காரி. மாமத் அண்ணனுக்குச் சிரிப்பு வராது. “மலை இல்லம்மா. தொட்டி. நிமிர்ந்து நிக்கிற தொட்டி” என்றார்.

நவம்பர் 14

ஜிர்கல் போனில் பேசினார். “இந்த ஒரு கோடை பாப்போம் கனிஷா. போன வருஷம் மாதிரி புல்லுக்கும் தண்ணிக்கும் குட்டிங்க நடந்தே செத்துச்சுன்னா, எல்லாத்தையும் வித்துட்டு இங்க வந்துடு. ஒரு அறை பாத்து வச்சிருக்கேன்.”

சரி என்றேன். வேறென்ன சொல்வது? கெட்ட மனிதர் இல்லை. தனியாக இருந்து இருந்து குரலே இளைத்துவிட்டது. அந்த அறைக்கு ஜன்னல் உண்டா என்று கேட்க மறந்துவிட்டேன். ஜன்னல் இருந்தால் மட்டும்? அதன் வழியே என்ன தெரியும்? அங்கே போனால் நான் செத்துவிட மாட்டேன். ஆனால் நான் நானாக இருப்பேனா, தெரியவில்லை.

டிசம்பர் 3

பீய்ச்சத் தொடங்கியாயிற்று. தண்ணீர் நின்றால் குழாயே உறைந்துவிடும் என்பதால் வீட்டுக்கு ஒரு நாள் காவல். இன்று என் முறை.

விடியும்போது போனேன். முனையிலிருந்து தண்ணீர் மேலே போகிறது, மேலேயே யோசித்து நின்று, பிறகு மெல்ல இறங்குகிறது. இறங்கும்போது அது தண்ணீர் இல்லை. அடியில் ஒரு வெள்ளை மேடு, உட்கார்ந்திருக்கும் ஆடு அளவுக்கு. சூரியன் பட்டதும் அதன் உள்ளே நீலம் தெரிந்தது. அந்த நீலத்துக்கு எங்கள் மொழியில் பெயர் கிடையாது, தேடிப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே நின்றதில் தேநீர் உறைந்து, குடுவை மூடி திறக்க வரவில்லை.

டிசம்பர் 22

பனி. பனி. குன்று என் தலைக்கு மேல் போய்விட்டது.

ஜனவரி 8

என் முறையன்று பார்த்துக் குழாய் அடைத்துக்கொண்டது. கெண்டி கெண்டியாய்ச் சுடுதண்ணீர் கொண்டுபோய் ஊற்றினோம். ஜூராகான் கழுதையில் ஏற்றி வந்தாள். “புருஷன் தலையில ஊத்த வேண்டியதையெல்லாம் குழாய் மேல ஊத்துறா பாரு” என்று மாமத் அண்ணனிடம் சொல்கிறாள். இதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மதியம் குழாய் இருமியது, துப்பியது, பிறகு பாடத் தொடங்கியது.

பிப்ரவரி 2

கனவு. குன்றுக்குள் ஒரு வாசல். உள்ளே போகிறேன், குளிரவில்லை. ஜிர்கல் ஏணியில் நின்று நீலச் சுவருக்குப் பூச்சு பூசுகிறார். “இங்கே எதுக்குப் பூசுறீங்க, உருகிடுமே” என்கிறேன். “உருகுற வரைக்கும் அழகா இருக்கட்டுமே” என்கிறார். விழித்தபோது அழுதிருந்தேன், ஆனால் துக்கமாக இல்லை.

பிப்ரவரி 26

பள்ளிக்கூடத்தைவிட உயரம். அந்தப் பக்கம் குதிரையில் போகிறவர்கள் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போகிறார்கள். யாரும் சொல்லித் தரவில்லை.

மார்ச் 6

குழாயை மூடினோம். ஊர் கூடித் தண்ணீருக்கு ஆடு வெட்டி விருந்து. இதை முன்னின்று நடத்தியவள் ஜூராகான். பலிக்கறி தண்ணீருக்குப் பக்கத்திலேயே வேக வேண்டும், அதன் ஆவி தண்ணீரைத் தொட வேண்டும், அதுதான் எங்கள் வழக்கம். அண்டாவைக் குன்றின் காலடியிலேயே வைத்தார்கள். சாண வறட்டி ஈரம், பற்றவே இல்லை. யாரோ பழைய டயர் துண்டு ஒன்றைப் போட்டார். அப்புறம் நன்றாக எரிந்தது. எண்ணெயில் பொரித்த போர்சோக் ரொட்டி மலைபோல் குவிந்திருக்க, பெண்கள் பாட, புகை குன்றைச் சுற்றிச் சுற்றி ஏறியது. எவ்வளவு அழகாக இருந்தது! மாமத் அண்ணன்கூட இரண்டு கிண்ணம் சூப்பு குடித்தார்.

மார்ச் 11

தெற்கு முகம் கறுத்துவிட்டது. கரி. டயர் கரி. வெயில் அங்கே மட்டும் கடித்துத் தின்கிறது. கோடையில் உருக வேண்டியது இப்போதே ஒழுகுகிறது, நிலம் இன்னும் உறைந்து கிடப்பதால் எல்லாம் வழுக்கி ஓடிப்போகிறது.

எத்தனை தலைமுறையாய் ஊற்றுக்குப் பக்கத்தில் தீ மூட்டியிருப்போம்? ஊற்றை அது ஒன்றும் செய்யவில்லை. இதையும் ஊற்று என்றே நினைத்துவிட்டோம். ஒரு ஆளுக்குக்கூடத் தோணலையே! எனக்கும்தான் தோணல. பாட்டு வேற பாடினேன்.

மண்வெட்டியால் சுரண்டினோம். கரியோடு பனியும் கூடை கூடையாய்ப் போகிறது. மாமத் அண்ணன் நிறுத்தச் சொன்னார். யாரையும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இனி மே மாதத்துக்கு என்ன மிஞ்சும்? அந்த அறை. ஜன்னலோ, ஜன்னல் இல்லாததோ.

மார்ச் 12

காலையில் ஜூராகான் கழுதையோடு மேலே போவதைப் பார்த்தேன். கழுதை மேல் வெள்ளைக் கம்பளிச் சுருள். மகன் கல்யாணக் கூடாரத்துக்கென்று அவளும் அவள் தங்கையும் தட்டித் தட்டிச் செய்தது. வெயிலில்கூட விரிக்க மாட்டாள். ஓடிப் போய்ப் பிடித்தேன்.

“அக்கா, என்ன செய்யப் போற?”

“போர்த்தப் போறேன். கூடாரத்துக்குள்ள வெயிலை விடாத கம்பளி, இதுக்குள்ள மட்டும் விட்டுடுமா?”

“கல்யாணத்துக்கு?”

“தண்ணி இல்லாத ஊருக்கு எவடி மருமகளா வருவா? விடு கழுதையை.” கண் சிவந்திருந்தது. அண்டாவை அங்கே வைக்கச் சொன்னவள் அவள்தான்.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தேன். என்னிடமும் ஒன்று இருக்கிறது. ஆடுகளோடு சேர்த்து அதையும் விற்றுவிடலாம் என்று ஜிர்கல் சொல்லி வைத்த கம்பளி. அதன் மேல் உட்கார்ந்தேன். எழுந்தேன். மறுபடி உட்கார்ந்தேன். பிறகு தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன்.

வழியில் பார்த்தால் ஒவ்வொரு வாசலிலிருந்தும் ஒரு வெள்ளைச் சுருள் வெளியே வருகிறது. கூடாரக் கயிறுகளாலேயே கட்டினோம், காற்றுக்குக் கல் வைத்தோம். சாயங்காலம் பார்த்தபோது மலைச்சரிவில் பெரிய கூடாரம் ஒன்று நின்றது, கதவில்லாமல்.

ஏப்ரல் 5

கம்பளியைப் பற்றி ஜிர்கலிடம் சொல்லிவிட்டேன்.

“ஐஸுக்கா போர்த்துன?”

“ஆமா.”

“நான் இங்க சிமெண்டு மூட்டையை விரிச்சுப் படுக்கிறேன்டி.”

சிரித்தாரா, அழுதாரா? போனில் இரண்டும் ஒரே மாதிரிதான் கேட்கிறது. வைத்த பிறகு எனக்கு எதுவும் ஓடவில்லை. வேலிக்குப் போய் ஆடுகளின் நடுவே நின்றேன்.

மே 17

மேலே ஏறினோம். கம்பளி ஓரத்திலிருந்து நூல் போல ஒழுகல், அது அடியில் நாங்கள் வெட்டிய தொட்டியில் சேர்கிறது, தொட்டி நிறைகிறது. ஆடுகள் முதலில் குடிக்கவில்லை. கம்பளியை மோந்து மோந்து பார்த்தன. அவற்றின் ரோமம்தானே! பிறகு குடித்தன. குட்டிகள் முழங்கால் மடித்துக் குடித்தன. எங்கும் நடக்க வேண்டியதில்லை, குடித்துவிட்டு அப்படியே படுத்துத் தூங்கிவிட்டன. நானும் பக்கத்தில் படுத்தேன். மேகம் போய்க்கொண்டே இருந்தது.

ஜூன் 24

ஜிர்கல் வந்துவிட்டார், சொல்லாமல் கொள்ளாமல், வீட்டுச் சாமானைக் கட்டிக்கொண்டு போக இரண்டு பெரிய காலிப் பைகளோடு. நேரே கோக்-பெல்லுக்கு ஏறி வந்தார்.

வந்த நாள் பார்த்தா அது தீர வேண்டும்? கம்பளிக்கு அடியில் கூடையளவு பனிதான் மிச்சம். கம்பளியெல்லாம் மஞ்சளும் கறுப்புமாய் நனைந்து கிடந்தன. அவர் ஒன்றைத் தூக்கிப் பார்த்தார்.

“தீந்துடுச்சே கனிஷா. இதுக்கா இவ்வளவும்?”

எனக்கு வந்ததே கோபம்! “தீரட்டும்! உருகத்தானே செஞ்சோம்? குட்டிங்களைப் போய்ப் பாருங்க. ஒவ்வொன்னையும் தூக்கிப் பாருங்க. அப்புறம் பையைப் பிரிங்க!”

போனார். தூக்கிப் பார்த்தார், நிஜமாகவே, ஒவ்வொன்றாக. திரும்பி வந்து என் கிண்ணத்திலிருந்த மோரைக் குடித்தார்.

ஜூலை 3

ஆடுகளைக் கீழே இறக்கினோம். புழுதியாய்க் கிடந்த இடத்தில் புல் கணுக்காலை மறைக்கிறது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார். ‘ஒரு கோடை’ என்று அவர் சொன்ன பேச்சை நான் எடுக்கவில்லை. அவரும் எடுக்கவில்லை.

செப்டம்பர் 19

ஆடுகளில் பாதியை விற்றோம். அது அவர் பிடிவாதம். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. இந்த நிலத்துக்கு அவ்வளவு ஆடு அதிகம் என்று மாமத் அண்ணனும் அவர் பக்கமே பேசினார். யோசித்தால் சரிதான் போலிருக்கிறது. இப்போது இருவரும் பட்டறையில் முனையை உயரமாக்குகிறார்கள். அண்டா இனி ஓடைக்கு அந்தப் பக்கம்தான் என்று ஊரில் பேசி முடிவாகிவிட்டது.

டிசம்பர் 11

விடியும் நேரம். கையை நீட்டினால் பக்கத்தில் படுக்கை காலி, சில்லென்று இருந்தது. போய்ட்டாரா? சொல்லாம போய்ட்டாரா? எழுந்து ஜன்னலுக்கு ஓடினேன்.

தூரத்தில் கோக்-பெல் சரிவில் ஒரு சின்ன விளக்கு ஆடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் நினைவு வந்தது. குழாய்க் காவல் இன்று எங்கள் வீட்டு முறை.